முப்பது ஓட்டம், ஒரே விடை

கம்ப்யூட்டர் லேப் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாக்ஸ் நாற்றம்தான். செருப்பு, ஷூ எல்லாம் வாசலோடு சரி. உள்ளே ஏசி குளிர்... கூடவே நாற்பது பேரின் சாக்ஸ்.

துடியலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நானும் நாச்சிமுத்துவும் விரிவுரையாளர்கள். வேலை பார்த்துக்கொண்டே இருவரும் பிஎச்.டி. செய்தோம். டிஎன்ஏவைக் கொண்டு கணக்குப் போடும் ஆய்வு. டிஎன்ஏவைக் கண்ணால் பார்த்ததில்லை! சோதனைக் குழாயில் ஒன்றோடொன்று தவறாக ஒட்டிக்கொள்ளாத இழைகளைக் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுப்பது மட்டும் எங்கள் வேலை. உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதைப் போலவே எங்கள் புரோகிராமும் இழைகளைக் கலக்கும், நல்லதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்கும்.

இப்படிப்பட்ட புரோகிராமை வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து முப்பது முறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்தக் காலக் கம்ப்யூட்டரில் ஓர் ஓட்டத்துக்கு ஒரு பகல் ஆகும். முப்பதும் முடிந்தன. முப்பதிலும் ஒரே விடை.

"சார், பாயிண்டுக்கு அப்புறம் ஆறாவது நம்பர் கூட அசைய மாட்டீங்குதுங்க!" என்று நாச்சிமுத்து என்னைப் பேக்கரிக்கு இழுத்துப்போய் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். "ஏனுங்க, இப்பவாச்சும் சிரிங்க. பல்லு உளுந்துருமுங்களா?"

ஓர் ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரையை அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அது வெளிவந்தால்தான் அவர் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அவருடைய பதிவுக் காலம் முடிய இரண்டே மாதம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. தொடக்கம் மாறினால் விடையும் கொஞ்சமாவது மாற வேண்டும். புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். சோதனைக்காக நான் மாறாமல் போட்டுவைத்த தொடக்க எண் அப்படியே இருந்தது. நான்தான் எடுக்க மறந்திருக்கிறேன். முப்பது ஓட்டமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வழியில் போயிருக்கின்றன. ஒரே ஓட்டத்தைத்தான் முப்பது நாள் பார்த்திருக்கிறோம்...

அவர் மேசை எனக்கு நேர் எதிரே. சொல்ல வாய் வரவில்லை. பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கு மெயில் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பத்திரிகையிலிருந்து பதில் வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை.

"தப்பக் கண்டுபுடிச்சது சரிங்க சார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் உக்காந்து மறுக்கா ஓட்டியிருக்கலாமில்லீங்க?"

அவ்வளவுதான். அந்த வருடமே தாராபுரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்குக்குப் போய்விட்டார். பிஎச்.டி. அவருக்கு முடியவில்லை. எனக்கு, வேறு தலைப்பில், சில வருடம் கழித்து முடிந்தது. பட்டம் வாங்கிய அன்று யாரையும் பேக்கரிக்குக் கூப்பிடத் தோன்றவில்லை.

இப்போது மனைவியும் இல்லை. வீட்டில் பேச்சுச் சத்தமே கிடையாது. போன வாரம் அந்தப் பழைய புரோகிராமைத் தேடி எடுத்து லேப்டாப்பில் ஓட்டினேன். முப்பது முறை, முப்பது வெவ்வேறு தொடக்கம். காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விடைகள் சற்று முன்பின்னாக இருந்தன. ஏதாவது தவறு செய்கிறேனோ என்று மறுபடியும் ஓட்டினேன். எல்லாமே நாங்கள் கட்டுரையில் எழுதியதற்கு ஏறக்குறையச் சமம், சில அதைவிட மேல்.

அன்று மறுபடியும் ஓட்டித் திருத்த அந்த இரண்டு மாதம் போதுமானதாக இருந்திருக்கும்.

நாச்சிமுத்துவும் நம்முடைய இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். எதுவும் எழுதுவதில்லை, எல்லாவற்றையும் படிப்பார் என்று நினைக்கிறேன். இன்று காலையில் அவருக்குப் போன் செய்து சொல்லத்தான் உட்கார்ந்தேன்...

உங்கள் எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.