எனக்குப் பின்னால் நின்றவள்

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மையார், குழந்தைகளைப் படமெடுக்கும்போது பூங்காப் புல்லில் குப்புறப் படுத்துக்கொள்வார். நம் ஊரில் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து, கிலுகிலுப்பை ஆட்டி, "இங்க பாரு, இங்க பாரு" என்று நாலு பேர் கத்தினால்தான் படம். இவர் வாயே திறக்கமாட்டார். உதிர்ந்த இலைகளுக்கு நடுவே குழந்தை தன் போக்கில் திரியும். அது தானாக நிமிரும்வரை காத்திருப்பார். "கூப்பிட்டால் கேமராவைத்தான் பார்க்கும், நம்மைப் பார்க்காது" என்பார்.

சனிக்கிழமைகளில், வெயிலைக் குழந்தையின் முகத்துக்குத் திருப்பிவிடும் வெள்ளித் தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஒரு பெண்குழந்தை இலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. என்னை அறியாமல் அதன் கன்னங்களை வழித்து என் நெற்றிப்பொட்டில் விரல்களை முறித்தேன். அதன் தாய் பதறி, குழந்தையை இழுத்துக்கொண்டாள். கண்ணேறு என்பதை ஆங்கிலத்தில் விளக்கப்போய், 'ஈவில்' என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது.

திரும்பும் வழியில் மார்கரெட் கேட்டார், எனக்குக் குழந்தை உண்டா என்று. மகள் இருக்கிறாள், ஊரில், அக்காவிடம் என்றேன். எத்தனை நாளாக? "பதினாலு" என்றேன். "பிரிந்திருப்பது கஷ்டம்தான், சீக்கிரம் வந்துவிடுவாள்" என்று கையைத் தட்டிக்கொடுத்தார். பதினாலு மாதம் என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை.

புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸேறி எஞ்சினியரிங் படித்தவள் நான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை அமெரிக்கா அள்ளிக்கொண்டிருந்த காலம். நானும் கணவரும் போனோம். பாவனா அங்கேதான் பிறந்தாள். அவளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது வேலைகள் ஆட்டம் கண்டன. அவருக்கு வேறு ஊரில்தான் வேலை கிடைத்தது. எனக்கோ எந்த நேரம் வீடு திரும்புவேன் என்பதே நிச்சயமில்லை. பாகாலாவில் இருந்த அக்காவுக்குக் குழந்தை இல்லை. "ஆறு மாசந்தானே, குடுத்துட்டுப் போ" என்றாள். ஆறு மாதம் நீண்டுகொண்டே போயிற்று.

அந்த மார்கழியில் அவளை அழைத்துவரப் போனேன். அக்காவின் இடுப்பில் இருந்தவள் என்னைக் கண்டதும் "ஒத்து, ஒத்து" என்று முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தெலுங்கில் வேண்டாம் என்கிறாள். பக்கத்து வீட்டில் கற்றது. அக்கா அவளைத் திருப்பப் பார்த்தாள். "யாரு வந்துகிறது பாரு. உங்கம்மாடி."

"நீதான் அம்மா" என்றாள் பாவனா, அவளிடம்.

நான் கூப்பிடவில்லை. மறுநாள் காலை, வீட்டுக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பில் கேமராவோடு தரையில் உட்கார்ந்தேன். பாவனா சருகுகளைப் பொறுக்கிக்கொண்டு எட்ட நின்றாள். அடுத்த நாளும் உட்கார்ந்தேன். "என்னாடி இது, அவள பாத்துகினே குந்தினுகிறே? எடுக்கறதுன்னா எடேன்" என்று அக்கா சலித்துக்கொண்டாள். நாலாம் நாள், குழந்தை சட்டென்று நிமிர்ந்து, முகமெல்லாம் மலர்ந்து என்னைப் பார்த்தாள். அழுத்திவிட்டேன். கேமராவை இறக்கியபோது எனக்குப் பின்னால் அக்கா பால் டம்ளரோடு நின்றிருந்தாள்.

நான் எடுத்த படங்களில் அதைவிட நல்லது இன்றுவரை இல்லை.

அன்று மத்தியானம் அக்காவிடம் சொன்னேன். "இன்னும் ஒரு வருசம் இங்கயே இருக்கட்டும்க்கா. எனக்கு மனசு வரல."

அவள் காயப்போட்ட குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வேணாம். இப்பவே கூட்டிகினு போயிடு. இன்னும் வச்சிருந்தேன்னா, நீ கேட்டாலும் குடுக்கமாட்டேன்" என்றாள். மடித்த கவுனைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கிளம்பும் நாளில் சென்னைவரை வருவதாகச் சொல்லிக் காரில் ஏறினாள். சித்தூரில் நிறுத்தச் சொன்னாள். "பாப்பாவுக்கு பிஸ்கோத்து வாங்கினு வரேன்" என்று இறங்கினாள். பாவனா கண்ணாடியில் மூக்கை அழுத்திக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "அவங்க வரமாட்டாங்கமா. வண்டிய எடுத்துடச் சொல்லி காலைலயே சொல்லிட்டாங்க." கார் நகர்ந்ததும் தொடங்கிய பாவனாவின் அழுகை வேலூர் தாண்டும்வரை ஓயவில்லை. நான் அணைத்தபோதெல்லாம் என் கையைத் தள்ளினாள். விமான நிலையத்தில் பாவனாவின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த அதிகாரி, "பாப்பா சொந்த ஊருக்குப் போறாங்களா?" என்று சிரித்தார். நான் தலையாட்டினேன்.

நியூ ஜெர்சியில் இரண்டு மாதம் என்னை அவள் எந்தப் பெயர் சொல்லியும் அழைக்கவில்லை. பசித்தால் என் புடவையை இழுப்பாள், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் குளிப்பாட்டும்போது, கண்ணில் சோப்பு பட்டு, "அம்மா" என்று அலறினாள். அதற்கப்புறம் அழைக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்கா போன் செய்வாள். அந்த வாரம் ரிசீவரைப் பாவனாவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்கா பேசுவது எனக்கும் கேட்டது. "பெரிம்மான்னு கூப்புடு கண்ணு. நான் பெரிம்மா."

"அம்மா."

"பெரிம்மா... சொல்லுடி தங்கம்."

"அம்மா."

மறுமுனையில் இணைப்பு அறுந்தது. பாவனா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதை என்னிடம் நீட்டிச் சொன்னாள்:

"அம்மா போன வச்சிட்டா, அம்மா."