ஜமீலாம்மாவின் ககரம்

பேச்சுப் பயிற்சி கொடுப்பவன் பேச வேண்டியதில்லை, எதிரில் இருப்பவர் பேசினால் போதும். அதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன். அடுத்தவர் வாயை நம்பிப் பிழைப்பவர்களுக்கு என் பாடு புரியும்.

கண்ணாடி

காதர் பாய் பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். மலாய்க்கார மனைவி ஜமீலாம்மாவோடு காரைக்குடிக்கே வந்துவிட்டார். அந்தம்மாவுக்கு வாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உதடு சேரவில்லை. ப, ம எல்லாம் காற்றாகப் போயின. மகள் பினாங்கில். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வாள். அவளுக்கு மலாய்தான் தெரியும். மணி அடித்ததும் அந்தம்மா வாயை முக்காட்டால் மூடிக்கொண்டு, போனைப் புருஷனிடம் தள்ளிவிடுவார்.

கண்ணாடி முன் உட்கார்த்திச் சிரிக்கச் சொன்னேன். அந்தம்மா என் முகத்தையே பார்த்து ஏதோ சொன்னார். பாய் தமிழில் சொன்னார்: "மொதல்ல சார் சிரிச்சுக் காட்டுவீகளாம்."

பம்பரம்

எனக்கு மலாய் தெரியாது. என் பழைய பட்டியலையே நீட்டினேன்: பம்பரம், மாம்பழம், பாப்பா. ஒரு மாதத்தில் பம்பரம் தெளிவாக வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நல்லது சார். பம்பரத்தை வச்சு மகள்ட்ட என்னத்தப் பேசச் சொல்றீக?" என்றார் பாய்.

கஞ்சி

மகளிடம் 'எப்ப வருவே?' என்று கேட்க வேண்டுமாம். மலாயில் 'பிலா பாலிக்'. உதட்டெழுத்து இரண்டும் வந்துவிட்டன. கடைசிக் ககரம் மட்டும் வரவில்லை. 'பாலி' என்று சட்டென்று நின்றது. பாயைச் சொல்லச் சொன்னேன். 'பாலிக்' என்றார், கணீரென்று. அதேபோல் சொல்லுங்கள் என்று அந்தம்மாவை இரண்டு வாரம் விரட்டினேன். அவர் தலையை ஆட்டி, தொண்டையைத் தொட்டுக் காட்டினார். விழுங்கச் சிரமம், நீர்த்திருந்தால் புரையேறும் என்று நினைத்து, கஞ்சியைக் கெட்டியாகக் கொடுக்கச் சொன்னேன்.

பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வாதம் அவளுக்கா, சாருக்கான்னு கேக்குறா."

வெள்ளிக்கிழமை

என் அறையில் இருக்கும்போதே போன் வந்தது. முக்காடு இறங்கியது. "பிலா பாலிக்." ககரம் ஆணி அடித்தாற்போல் விழுந்தது. அந்தப் பக்கம் அழுகை. பிறகு சிரிப்பு.

பெருநாளைக்கு வருகிறாளாம். மலாய்க்காரர் வாயில் அந்தக் ககரம் தொண்டையிலேயே நின்றுவிடுமாம், வெளியே கேட்காதாம். ஜமீலாம்மா முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பாய் சொன்னதுதான் காரைக்குடி மலாய். அவர் என்னைப் பார்க்காமல், மகள் சொன்னதைச் சொன்னார்: "'அம்மா நல்லாத்தான் பேசுது, என்ன, அத்தா மாதிரியே பேசுது'ங்குறா சார்."

வாதமே தொடாமல் விட்டிருந்த ஓர் எழுத்தை, மெனக்கெட்டு டவுன் பஸ் ஏறி வந்து என்னிடம் கெடுத்துக்கொண்டு போனார்கள்.