மாமியின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

இந்தப் பயணத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று அந்தோனியார், மற்றது என் மாமி. போன வருடம் நான் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அப்பாவின் அக்காவான றோசலின் மாமி தன் சொந்த ஊர்க் கோவிலுக்கு நேர்த்தி வைத்தார். முல்லைத்தீவுக் கடற்கரையில் இருக்கிற சின்ன அந்தோனியார் கோவில் அது. நான் எழும்பி நடந்தால் தன் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவாராம்.

"ஏன் மாமி, என்ர உயரத்துக்கு நேர்த்தி வைக்கேல்லையோ?" என்று பிறகு கேட்டேன்.

"நீ பனை மாதிரி வளந்து நிக்கிறாய். அவ்வளவு பெரிய திரிக்கு நான் எங்க போறது?"

நான் எழும்பி நடந்தேன். திரி ஏற்றுவதற்குள் மாமி போய்விட்டார். நித்திரையிலேயே, சத்தமில்லாமல். வாழ்நாளில் அவர் சத்தமில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான். எனக்காக வைத்த நேர்த்தி அப்படியே நின்றுபோனது. அதைத் தீர்க்கத்தான் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வவுனியாவிலிருந்து புறப்பட்டேன். செவ்வாய் அந்தோனியாரின் நாள்.

புறப்பட முதலே ஒரு சிக்கல். மாமி எவ்வளவு உயரம்? தான் ஐந்தடி என்று மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர் ஐந்தடி இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மாமிக்கு மட்டும் தெரியாது. "அக்கா என்ர தோளுக்கு வருவா" என்றார் அப்பா. தம்பி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். கடையிலோ மூன்றடித் திரியும் ஐந்தடித் திரியும்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் ஐந்தடியை வாங்கினேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. என் உயிருக்காக ஒருவர் கொடுத்த வாக்கு, அதைப் பிழையாகச் செய்துவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பது?

வன்னி வெயிலில் மெழுகுதிரி கொண்டு போகிறவர்களுக்கு என் அனுபவம் உதவும். வீட்டில் தண்ணீர் வேலைக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டிக் பைப் ஒன்றுக்குள் திரியை விட்டு, வெளியே ஈரச் சாக்குச் சுற்றினேன். காலை ஆறு மணி பஸ். ஏறும்போதே கொண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கிணத்து வேலைக்கோ போறியள்?"

"இல்லைத் தம்பி, அந்தோனியாரிட்ட."

"அவருக்கும் பைப் லைன் வந்திட்டுதோ!"

முழு பஸ்ஸும் சிரித்தது. ஆனால் பைப்பைக் கிடத்துவதற்குப் பின் சீற்றை ஒழுங்குபண்ணித் தந்ததும் அவர்தான். மாங்குளம் வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர், ஏ9 வீதி என்பதால் ஓட்டம்தான். அங்கே பத்து நிமிடம் நிற்கும். பிளேன்ரீயும் உளுந்து வடையும் நன்றாக இருந்தன. நான் வடை தின்ன, சாக்குக்கு மறுபடி தண்ணீர் தெளித்தார் கடைக்காரர். பிறகு பஸ் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக இன்னும் ஐம்பது கிலோமீற்றர் ஓடும். ஒன்பது மணி தாண்டி முல்லைத்தீவில் இறங்கினேன். ரிக்கற் எனக்கு நானூற்று இருபது. கோவிலுக்கு ஓட்டோவில் இருநூற்றைம்பது கொடுத்தேன்.

கோவில் வாசலில் மாமியின் சிநேகிதி பிலோமினாக்கா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் மூப்பர் திரியை வாங்கி, நிலத்தோடு பொருத்திய இரும்புக் கவ்வியில் நிமிர்த்தி நிறுத்தினார். கொஞ்சமும் வளையவில்லை. பிலோமினாக்கா அதை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆரின்ர உயரம்?"

"மாமியின்ர. அஞ்சடி."

"றோசலினோ? அஞ்சடியோ?" அவர் சிரித்த சிரிப்பில் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். ஒருவர் தன் தோளைக் காட்டினார், இன்னொருவர் தாடையைக் காட்டினார். எனக்குக் கண் கலங்கியது. அங்கே நின்ற ஒவ்வொருவர் உடம்பிலும் மாமிக்கு ஓர் இடம் இருந்தது.

மூப்பர் என்னைத் தேற்றினார். "குறைஞ்சாத்தான் பிள்ளை நேர்த்தி பிழை. கூடினா அந்தோனியார் கோவிக்கமாட்டார்."

"மாமி இப்ப அவருக்குப் பக்கத்திலதானே இருப்பா. இனியும் திரி வேணுமோ?"

"ஓம், வேணும். 'கொஞ்சம் பொறுங்கோ, பெட்டை கொண்டு வருவாள்' எண்டு அவா அங்க சொல்லி வைச்சிருப்பா."

பிலோமினாக்காவுக்கு மட்டும் அது போதவில்லை. திரிக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நிமிர்ந்து நின்றார். "நாப்பது வருசம் பூசைக்கு ஒரே வாங்கில பக்கத்தில பக்கத்தில இருந்து எழும்பினனாங்கள். அவான்ர முக்காடு என்ர காதுச் சோணையிலதான் உரசும்." காதளவில் திரியில் நகத்தால் ஒரு கீறல் போட்டார். உச்சியிலிருந்து சரியாக மூன்று விரல் கீழே.

"கொளுத்து பிள்ளை. எரிஞ்சு வரட்டும்."

கொளுத்தினேன். ஒரு செபமாலை சொன்னோம். பிறகு அப்படியே இருந்து மாமியின் கதை கதைத்தோம். பாட்டுக் குழுவில் சேர்க்காததால் மாமி வாங்கிலிருந்தே அவர்களை விடச் சத்தமாகப் பாடியதைச் சொல்லி மூப்பரும் சிரித்தார். கடல் காற்றுக்குத் திரி வேகமாக எரிந்தது. பன்னிரண்டரை இருக்கும், பிலோமினாக்கா என் கையைப் பிடித்தார்.

"எழும்பு பிள்ளை. வந்திட்டா."

சுடர் கீறலைத் தொட்டு நின்றது. உண்மையாகவே அவ்வளவுதான் மாமி. என் கழுத்தளவு. கட்டிப்பிடித்தால் என் நாடிக்குக் கீழே அவருடைய தலை வரும் அந்த இடம். முழந்தாளிட்டு நன்றி சொன்னேன், இரண்டு பேருக்கும்.

நீங்களும் போவதென்றால் செவ்வாயில் போங்கள், கோவில் திறந்திருக்கும். தண்ணீர்ப் போத்தலும் குடையும் கட்டாயம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள், பின்னேரம் குறைவு. திரி முழுவதும் எரியும்வரை நிற்க வேண்டும் என்றில்லை. நான் நிற்கவில்லை. கீறலுக்குக் கீழே சுடர் இறங்கத் தொடங்கியதும் பையை எடுத்துவிட்டேன். மாமியை விடக் கட்டையாக அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிலோமினாக்காவுக்கு அது விளங்கியது. வாசல் வரை வந்து என் கன்னத்தைத் தடவினார். "நீ போட்டு வா பிள்ளை. இனிக் கட்டையாகிறதை நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்."