நரியைக் கூப்பிடும் பெட்டி

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது ஓல்போர்க் ஆஸ்பத்திரி டொக்டர் ஒன்றைத்தான் வற்புறுத்திச் சொன்னார்: மனதை அலட்டிக்கொள்ளாதே. போரின் கடைசி மாதங்கள் அவை. வன்னியில் கடற்கரையோரத் துண்டு நிலத்துக்குள் சனம் நெரிபட்டுக்கொண்டிருந்தது. என் தங்கையும் அதற்குள்தான் இருந்தாள். அலட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று அந்த மனிதர் சொல்லித்தரவில்லை.

மனைவி தமிழ்த் தொலைக்காட்சியை நிறுத்தினாள். தொலைபேசியையும் தானே எடுத்தாள். ஒருநாள் மருந்து மயக்கத்தில் தூங்கி எழும்பியபோது, “தங்கச்சி வெளியிலை வந்திட்டா. வவுனியா முகாமிலை நிக்கிறாவாம். ஆற்றையோ போனிலை இருந்து எடுத்தவ” என்றாள். நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். பிறகு அடிக்கடி அழைப்பு வந்தது, எப்போதும் நான் தூங்கும் நேரத்தில். இரவல் போனில் பேசுகிறவளிடம் நேரம் பார்த்து எடு என்று சொல்ல முடியுமா? “அண்ணையைக் குளிருக்கை திரிய வேண்டாமெண்டு சொன்னவ” என்று மனைவி சொல்லும்போது தங்கையின் குரலே எனக்குக் கேட்கும். அந்தத் தெம்பில்தான் எழும்பி நடமாடினேன்.

அடுத்த வீட்டு டேனிஷ்காரர் ஓய்வு பெற்றவர், வேட்டைப் பைத்தியம். அவருடைய கோழிகளை நரி ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. அடிபட்ட முயல் கத்துகிற சத்தத்தை வயலுக்குள் ஒலிக்கவிட்டால் நரி தேடி வரும், ஆனால் சத்தம் வரும் இடத்தில் ஆள் இருக்கக்கூடாது என்றார். சட்டம் அதற்கு விடுமா என்பதை வேட்டைக்காலத்துக்கு முன் தானே விசாரிப்பாராம். ரேடியோத் தொழிற்சாலையில் வேலை செய்த நான் பக்கத்து வீட்டில் சும்மா இருக்கும்போது மனுசன் விடுவாரா?

மகளுக்கு வாங்கிய பேபிஅலார்ம் பரணில் கிடந்தது. தொட்டிலடியில் ஒரு பெட்டி. குழந்தை அழுதால் அடுத்த அறையில் இருக்கும் மற்றப் பெட்டியில் கேட்கும். தொட்டில் பெட்டியில் துளை போட்டு, முயல் சத்தம் பதிந்த எம்பி3 கருவியைச் செருக வழி செய்தேன். மற்றதில் அம்பிளிபயரும் பழைய குழாய் ஸ்பீக்கரும் பூட்டி, மோட்டார் சைக்கிள் பற்றறியில் ஓடவிட்டேன். அயலவர் தன் புறங்கையை உறிஞ்சி எலிபோலக் கீச்சிடுவதில் விண்ணன். அதற்கும் இடம் இருக்கட்டும் என்று, செருகியைக் கழற்றினால் மைக் தானாக வேலை செய்யும்படி வயர் பிடித்தேன்.

இதற்கிடையில் போர் முடிந்தது. அதை மட்டும் மனைவியால் மறைக்க முடியவில்லை. டேனிஷ் செய்தியிலும் சொன்னார்கள். தங்கை உயிரோடு இருக்கிறாள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாங்கினேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் பெட்டியைச் சோதித்தோம். தொட்டில் பெட்டி குசினி யன்னலில் இருந்து முயல் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. நானும் அயலவரும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மஞ்சளாய்ப் பூத்திருந்த வயலின் வரம்பால் நடந்தோம். சத்தம் பிசகாமல் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திடீரென்று கிறீச்சென்று முயல் நின்றது. யன்னலடியில் எதையோ எடுக்கப்போய் மனைவி செருகியை இழுத்துவிட்டாள் போலும். அடுத்ததாகக் குழாயில் வந்தது அவளுடைய குரல்.

“செத்த பிள்ளையை இன்னும் எத்தினை நாளைக்கு ரெலிபோன் எடுக்க வைக்கிறது, அண்ணை?”

என்னை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிப்போன நண்பரிடம்தான் கேட்டாள். நாங்கள் வயலுக்கு இறங்கிய பிறகு வந்திருக்கிறார். நாங்கள் இருவருமே அவரை அண்ணை என்போம்.

“கொஞ்சம் பொறு, பிள்ளை. ஷெல்லிலை போனவள் எண்டு கேட்டால் அவன்ரை நெஞ்சு தாங்காது. மற்ற ஸ்கானும் முடியட்டும்.”

“முப்பத்தொராம் நாள் சடங்கும் முடிஞ்சு போச்சு. அல்பர்ட்ஸ்லுண்டிலை என்ரை தம்பி வீட்டிலை அவளுக்குப் படைச்சதைக் கொண்டந்து, கோயில் சாப்பாடு எண்டு குடுத்தன். ருசியெண்டு திரும்பவும் போட்டுச் சாப்பிட்டவர். எனக்குச் செத்திடலாம் போல கிடந்தது.”

“உங்கள் நாட்டு வானொலியா?” என்று அயலவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லி பற்றறி வயரைப் பிடுங்கினேன்.

துக்கம் உடனே வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நோயாளியிடம் சாவைச் சொல்லாமல் விடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். நானே மற்றவர்களுக்காக அப்படி வாய்மூடி இருந்திருக்கிறேன். ஆனால் என் கூடப்பிறந்தவளுக்கு நான் செய்யவேண்டியதை எவனோ செய்ய, அவளுக்குப் படைத்த வாழைக்காய்ப் பொரியலை நான் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறேன். மறைத்ததைக்கூட விடுங்கள். குளிருக்குள் திரியாதே என்று தங்கை ஒருநாளும் சொல்லவில்லை. அதை நம்பி நான் கம்பளித் தொப்பியோடு திரிந்தேன். மடையன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணை போய்விட்டார். மனைவி முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள்.

“இப்பதான் தங்கச்சி எடுத்தவ. நீங்கள் வயலுக்கை எண்டு சொன்னனான்.”

கதிரையில் இருந்தேன். “என்னவாம்?”

“சுகமாம். மருந்தை ஒழுங்காய்ப் போடட்டாம்.”

“குரல் எப்பிடி?”

அவள் கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

“நல்லாத் தெளிவாக் கேட்டது” என்றாள்.