கோப்பிக்காரன் திரும்பி வந்த நாள்

குளிர் தொடங்கி ஹீற்றரை முதன்முதலாகப் போடும் நாளில் சுவரோரத்துக் குழாய்கள் தட்டும். டொக், டொக்டொக், டொக். சூடேறும்போது இரும்பு விரிகிற சத்தம் என்று திருத்த வந்தவர் ஒருமுறை விளக்கினார். எனக்கு அது குதிரை. எத்தனை வீடு மாறியும், தலை பாதி நரைத்தும், அந்தச் சத்தத்துக்குள் நொண்டி மனிதன் ஒருவன் குதிரையேறிப் போகிறான். நான் பத்து வயதில், இரட்டைப் பின்னலோடு, கம்பளத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்து அவனுக்காகப் பொய் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் வந்து சேர்ந்த குளிர் நாட்டில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடி, ஒற்றை அறை வீடு. அறை அப்பா, அம்மா, நான் என்று எங்கள் மூவருக்கும், ஹோலில் கிடந்த சோபா சித்தப்பாவுக்கும். அப்பாவின் தம்பி அவர். ஊரிலிருந்து வந்து எட்டு மாதம். ஓர் உணவகத்தின் சமையலறையில் காலை வேலை. மூன்று மணிக்கு வந்து கையைக் கழுவுவார், மறுபடியும் கழுவுவார், பிறகும் வெங்காயம் மணக்கிற கையோடு ரிவிக்கு முன்னால் வந்து இருப்பார். நான்கு மணிக்கு ஒரு பழைய கௌபோய் தொடர் ஓடும். கறுப்பு வெள்ளைத் தூசி, கறுப்பு வெள்ளைச் சூரியன்.

அதில் எல்லாருக்கும் பிடித்தவன் நெஞ்சில் நட்சத்திரம் குத்திய நாயகன். சித்தப்பாவுக்கு அவன் ஒரு பொருட்டேயில்லை. அவர் பார்த்தது அவனுக்குப் பின்னால் நிற்கும் ஒருவனை. காலை இழுத்து இழுத்து நடப்பான், வந்தவர் போனவர்க்கெல்லாம் தகரக் கேத்தலிலிருந்து கோப்பி ஊற்றுவான், சண்டை வந்தால் கதவோரம் ஒதுங்குவான். நாங்கள் அவனைக் கோப்பிக்காரன் என்போம். "உவன் எந்த ஊர்? இவ்வளவு நாளும் ஆரும் கேக்கேல்லையோ?" என்று சித்தப்பா ஓயாமல் கேட்பார். ஊரைக் கேளாமல் ஒரு மனிதரோடு கதை தொடங்கத் தெரியாதவர்கள் நாங்கள்.

மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. அந்த வீட்டுக்குள் வருகிற ஆங்கிலமெல்லாம் என் வழியாகத்தான் வரும், வருகிற வழியில் கொஞ்சம் நல்லதாக மாறிவிடும். நான் வகுப்பில் வாய் மூடுவதில்லை என்று ஆசிரியை முறையிட்டது, நல்லாகக் கதைக்கிறேனாம் என்று அம்மாவைப் போய்ச் சேர்ந்தது. கட்டடத்து அலுவலகத்துப் பெண் எங்கள் கறி மணத்தைப் பற்றி முகம் சுளித்ததை, உங்கள் சமையல் பதினெட்டாம் மாடி வரைக்கும் மணக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன். அம்மா மகிழ்ந்துபோய் அவளுக்கு ஒரு கிண்ணம் இறைச்சிக்கறி கொடுத்தனுப்பினாள்.

எனக்கு இன்னொரு சித்தப்பாவும் இருந்தார், எல்லாருக்கும் கடைசி. போருக்குத் தப்பி இருவரும் ஊரிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவர்கள். வவுனியாவில் பிரிந்துபோனோம், பின்னால் வருவான் என்று வந்த அன்றே சித்தப்பா சொன்னார். அப்பா ஒரே நீலத்தில் இரண்டு குளிர் ஜக்கெட்டுகள் வாங்கி வைத்திருந்தார். ஒன்று சித்தப்பா போட்டு முழங்கை வெளுத்துவிட்டது. மற்றது விலைத்துண்டு வெட்டாமல் அலுமாரியில் தொங்கியது. புதிதாக வந்தவர் யாரைக் கண்டாலும், என்ரை கடைசித் தம்பியைக் கண்டனீங்களோ என்று அப்பா விசாரிப்பார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவுக்குக் குளியலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை கோப்பிக்காரனின் கதை வந்தது. தூரத்திலிருந்து ஒரு கிழவர் அந்த ஊருக்கு வந்தார். கோப்பி ஊற்ற வந்தவனின் முகத்தை அவர் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பழைய போர் ஒன்றில் இவனும் அந்தக் கிழவரின் மகனும் தோழர்களாம். எதிரி துரத்துகிறான். இருவருக்கும் ஒரே குதிரை. அது இரண்டு பேரைச் சுமக்காது. இவன் ஏறிப் போய்விட்டான்.

இதையெல்லாம் கோப்பிக்காரனே, கேத்தலைக் கையில் பிடித்தபடி, நெடுநேரம் சொன்னான். நீளமான பேச்சு எனக்கு அலுப்பு. "அழுறார், சித்தப்பா" என்று சுருக்கிவிட்டேன்.

"முழுக்கச் சொல்லு, பிள்ளை."

அந்தக் குரல் எனக்குப் புதிது. ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். சித்தப்பா சோபாவை விட்டு இறங்கி, கம்பளத்தில் எனக்குப் பக்கத்தில் வந்திருந்தார். கேட்டுக்கொண்டு நிற்கிற சனம் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

சனம் கிழவரைப் பார்த்தது. கிழவர்தான் சொன்னார்: உன்னை நான் ஒன்றும் செய்யப்போவதில்லை, ஆனால் இந்த முகத்தை இனி என்னால் பார்க்க முடியாது, நீ போ. கோப்பிக்காரன் கேத்தலை மேசையில் வைத்தான். வெளியே போய்க் குதிரையில் ஏறினான்.

நான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு, எப்போதும் போல, மொழிபெயர்த்தேன்.

"இருக்கச் சொல்லுறார். நடந்தது நடந்துபோச்சாம்."

"அப்ப ஏன் உவன் போறான்?"

"சாமான் எடுக்க. நாளைக்கு வந்திடுவார்."

மறுநாள் நான்கு மணிக்கு அவன் வந்தான். பழைய தொடர்களை முன்பின் பாராமல் போடுவார்கள் என்பதும், ஒரு கதையின் துக்கம் அடுத்த கதையைத் தொடாது என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. அன்றைக்கு, நான் சொன்னது பலித்துவிட்டதென்றே நம்பினேன். அதே நொண்டல், அதே கேத்தல், ஒன்றுமே நடவாததுபோல நீட்டுகிற கோப்பைகள். சித்தப்பா சிரித்தார். பல்லுத் தெரிய அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அவனை வைச்சிருக்கினம், பார்" என்றார்.

அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்து சாப்பிட இருந்ததும், சித்தப்பா எதிரே வந்து இருந்தார். தம்பி வவுனியா வரைக்கும் வரவேயில்லை என்றார். கடல்நீரேரியைக் கடக்க இருவரும் ஒரே வள்ளத்தில் ஏறியிருந்தார்களாம். பாரம் கூடிப்போயிற்று, ஒருவர் இறங்கவேண்டும் என்று ஓட்டி சொன்னானாம்.

"நான் அவனைப் பார்த்தன், அண்ணை. வாயாலை ஒண்டும் சொல்லேல்லை. பார்த்தன். அவன் இறங்கீற்றான்."

தம்பி ஏறிய அடுத்த வள்ளம் மறுகரைக்கு வரவில்லை.

அப்பா திரட்டிய சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். ஒரு கேள்விதான் கேட்டார். "அவனுக்கு நீந்தத் தெரியும்தானே?"

"ஓம், அண்ணை" என்றார் சித்தப்பா.

சண்டை ஒன்றும் வரவில்லை. யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. அப்பா அவரோடு கூட இருந்து சாப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். அம்மா கறியை இரண்டு தடவை சூடாக்கினாள். அலுமாரிக் கதவு தற்செயலாகத் திறந்து கிடந்தால், போகிற வழியில் அப்பா அதைச் சாத்திவிட்டுப் போனார். நான்கு மணிக்குக் குதிரைகள் ஓடின. கோப்பிக்காரன் கோப்பி ஊற்றினான். சித்தப்பா மொழிபெயர்ப்பு எதுவும் கேட்கவில்லை.

இப்படி இரண்டு வாரம் போய் மூன்றாம் கிழமை, நகரத்தின் மறுகோடியில் மோர்னிங்சைட்டில் கூட்டாளிகளோடு ஓர் அறை கிடைத்திருக்கிறது என்றார் சித்தப்பா. என்ன தம்பி அவசரம் என்றாள் அம்மா. அப்பா பல்கனிக் கதவோரம் நின்று, பதினேழு மாடிக்குக் கீழே போகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் புது ஜக்கெட்டை எடுத்துவந்து பையில் வைக்கப் பார்த்தாள். சித்தப்பா அதை வாங்கி, திரும்பவும் அலுமாரியில் கொளுவி, விலைத்துண்டை அதன் கைக்குள்ளே மடித்துவிட்டார்.

கீழே வரைக்கும் நான் போனேன். எலிவேற்றர் மாடிக்கு மாடி நின்றது. யாரோ பிள்ளைத் தள்ளுவண்டியோடும் யாரோ உடுப்புக் கூடையோடும் ஏறினார்கள், இறங்கினார்கள். வாசலில் கூட்டாளியின் கார் புகைவிட்டுக்கொண்டு நின்றது. சித்தப்பா பையைத் தோளில் மாட்டினார், இறக்கினார், மறுபடி மாட்டினார்.

"பிள்ளை, அண்டைக்கு அந்தக் கிழவன் கடைசியாச் சொன்னது... இருக்கச் சொல்லித்தானே சொன்னவன்?"

அவர் ரிவியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நான்கு மணிக்கு இன்னும் கால் மணிநேரம் இருந்தது. மேலே போனால் கோப்பிக்காரன் கேத்தலோடு நிற்பான், நான் சொன்னதற்குச் சாட்சியாக.

"ஓம், சித்தப்பா" என்றேன்.