தரையில் படுகிற இடம்

பதினெட்டில் ஜெர்மன் யுத்தம் முடிந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். ஈப்போவில் சர்க்கார் ஆபீஸில் கிராணி என்னும் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், பழக்கதோஷத்தால் ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். யுத்தத்தின்போது பாஸ்ரா துறைமுகத்தில் பட்டாளத்துக் கூலியாள் பிரிவில் மூட்டை சுமந்தவர். பெட்டி விழுந்து வலது பாதம் நொறுங்கிக் கோணலாகக் கூடியிருந்தது. முதுகும் போயிருந்தது. இப்போது தோட்டத்தில் காவல் வேலை, சுற்றிவர முடியவில்லை. நிற்க முடியாதவனுக்குத் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் இடமில்லை. பட்டாளத்து ஊனத்தொகை கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

அவர் கேட்டது ஒருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆங்கில உத்தரவைப் படித்தேன். அவர் 'கால்' என்றதை மொழிபெயர்ப்பாளர் தொடையும் முழங்காலுமாக்கி, முதுகின் அடியைக் காட்டி 'இடுப்பு' என்றதை இடுப்பெலும்பாக்கியிருந்தார். டாக்டர்கள் முழங்காலைத் தட்டி, இடுப்பை அசைத்துப் பார்த்து, இரண்டும் நன்றாயிருப்பதாக எழுதிவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தன. பூட்ஸைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மேல்முறையீடு எழுதினேன். விதி, உட்பிரிவு, மரியாதைச் சொல் எதிலும் குறை வைக்கவில்லை. விசாரணையில் 'பாதம்' என்றே சொல்லவேண்டும் என்று அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"பாதம் சாமிக்கு இருக்கு, கிராணி ஐயா. நமக்கு ஏது? காலுதான்."

சாமி ஊனத்தொகை கேட்கவில்லை, நீர்தான் கேட்கிறீர் என்றேன். சிரித்தார். சொல்லிப் பார்த்தார், நாக்கு புரளவில்லை.

விசாரணையன்று அதே மொழிபெயர்ப்பாளர். எங்கே வலி என்று கேட்டார். நம்மவர் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். "பா..." என்று தொடங்கி விழுங்கிவிட்டார். பிறகு நிதானமாக, "தரையில படுற எடம், தொரை. நிக்கிறேன்ல, அந்த எடம்" என்றார்.

அதை முழங்காலாக்க மொழிபெயர்ப்பாளருக்கு வழியில்லை. டாக்டர் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். கோணலாகக் கூடிய பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

பாதத்துக்குத் தொகை கிடைத்தது. கப்பல் பேச்சு நின்றது. முதுகுவலி மட்டும் வயதினால் வந்ததாம், அதற்குத் தொகை இல்லையாம். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அடுத்த மேல்முறையீட்டுக்குத் தாளை எடுத்தேன்.

"போதும்லா, ஐயா. தொரைக்குப் போய் முதுகக் காட்டலாமா?" என்றார்.

காட்டத்தான் வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். அந்த மனு இன்னும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் யார் வந்தாலும் எங்கே வலி என்று நான் கேட்பதில்லை. தொட்டுக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.