பதின்மூன்றாவது ஒயர்

என் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். பெருமைப்பட ஒரு ஆள் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

அவள் தொழில் இன்டர்நெட் போன் மாட்டுவது. பழைய டெலிபோன் ஒயரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்கு வரும் இன்டர்நெட் வழியாகவே பேச வைத்துவிடுவாள். அவள் வீட்டைப் பார்க்க வேண்டுமே! காலிங்பெல்லை அமுக்கினால் அவள் செல்போனில் வாசல் தெரியும். அவள் எந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தாலும், "செருப்ப நேரா விடுண்ணா" என்று சுவரிலிருந்து அவள் குரல் வரும். முதல் தடவை நான் ஒரு அடி பின்னால் குதித்துவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஸ்டோர் ரூம் என் பொறுப்பு. நான்கு மாடிக் கட்டடம். எல்லா போனையும் மாற்ற வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது தங்கையின் பெயரைச் சொன்னது நான்தான். சனிக்கிழமைக்குள் ஒழுங்காக முடித்தால் மற்ற எட்டுக் கிளைகளின் வேலையும் அவளுக்கே என்று பேச்சு. அவ்வளவு பெரிய வேலை அதுவரை அவள் கைக்கு வந்ததில்லை.

சனிக்கிழமை மதியத்துக்குள் பன்னிரண்டு மேஜையிலும் புதுப் போன் உட்கார்ந்துவிட்டது. மேனேஜர் வெளியூர்க் கிளைக்குப் பேசிப் பார்த்துவிட்டு, "பக்கத்து சீட்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கே!" என்றார். மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய போன் பெட்டியின் ஒயர்களை வெட்டிப் போடுவதுதான் பாக்கி.

அங்கேதான் வினை. பெட்டியில் பதின்மூன்று ஒயர்கள் இருந்தன.

"போன் கணக்குப் பேப்பர்ல பன்னெண்டுதாம்மா இருக்கு. அது ஏதோ பழசு. வெட்டிவிடுங்க" என்றார் மேனேஜர்.

"ரெண்டு முனையும் எங்க இருக்குன்னு பாக்காம வெட்ட மாட்டேன் சார்."

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டடத்தில் பேப்பரை நம்பி எல்லாவற்றையும் வெட்டிவிட்டாள். அதில் லிஃப்டின் அவசர போனும் போய்விட்டது. மறுநாள் பெருக்க வந்த அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, செத்துப்போன பட்டனை இரண்டு மணி நேரம் அமுக்கியிருக்கிறார். இவள் அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க தங்கச்சிகிட்ட எடுத்துச் சொல்லுங்க. இன்னைக்கு முடியலன்னா மத்த கிளையெல்லாம் வேற ஆளுக்குப் போயிடும்."

நான் மாடிப்படிக்கு ஓடினேன். "ஏய், என் மானத்த வாங்காத. வெட்டித் தொலை."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெட்டுறதுக்குக் கத்தரிக்கோல் போதும்ணா. எங்க போகுதுன்னு பாக்கத்தான் நான் வந்திருக்கேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ஒயரில் ஒரு சின்னக் கருவியைக் கவ்வவிட்டு, பேனா மாதிரி இன்னொன்றைச் சுவரோடு சுவராக நகர்த்தினாள். ஒயர் போகும் இடத்திலெல்லாம் பேனா கீச்சென்றது. முதல் முனை லிஃப்டுக்குள், சிவப்புப் பட்டனுக்குப் பின்னால் இருந்தது. மேனேஜர் முகம் மாறியது. பட்டனை அவரே அமுக்கிப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை.

"வேலை செய்யலையா?"

"எங்கயோ அடிச்சிட்டுதான் இருக்கு சார். யாரும் எடுக்கல."

பேனா மறுபடி கீழே இறங்கி, நடைபாதை வழியாகப் போய், என் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தது. வாட்ச்மேனை மறுபடி பட்டனை அமுக்கச் சொன்னாள். சுவரோரம் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் கொசு முனகுவது போல ஒரு மணி கேட்டது. கட்டுகளை நகர்த்தினால், சுவரில் ஒரு பழைய போன்.

"இத யாரு இப்படி மூடி வெச்சது?" என்றார் மேனேஜர்.

தங்கை என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. பொய் சொல்ல அவளுக்கு வராது, காட்டிக்கொடுக்கவும் மனசு வராது. ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சார்" என்றேன். "ஆறு வருஷம் முன்னாடி. எடுத்தா கொரகொரன்னுதான் கேக்கும், எவனோ ராங் நம்பர் போட்டு உயிர வாங்குறான்னு நெனச்சு, சத்தத்தக் கொறச்சுட்டு மறச்சு வெச்சேன்."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த ஆறு வருடத்தில் யார் யார் லிஃப்டில் நின்று அமுக்கினார்களோ என்ற நினைப்புதான் திட்டைவிட அதிகமாகச் சுட்டது.

வேலை அன்றைக்கு முடியவில்லை. திங்கள் மதியம்வரை இழுத்தது. லிஃப்ட் போனையும் இன்டர்நெட்டோடு சேர்த்து, கரண்ட் போனாலும் பேசுவதற்கு பேட்டரி வைத்தாள். மேனேஜர் எட்டுக் கிளைக்கும் உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'முதலில் லிஃப்டைப் பார்க்கவும்' என்று தன் கையாலேயே மேலே ஒரு வரி சேர்த்தார். எட்டுக் கிளை! என் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.

கிளம்பும் முன் எல்லாரையும் லிஃப்ட் வாசலில் நிற்க வைத்து விளக்கினாள். "பட்டன அமுக்கினா முதல்ல வாட்ச்மேன் மேஜைல அடிக்கும். அவரு எடுக்கலன்னா உங்க செல்லுக்கு வரும் சார். நீங்களும் எடுக்கலன்னா மூணாவதா ஒரு நம்பருக்குப் போகும்."

"அது யாரு நம்பர்?"

"எங்க அண்ணனோடது."

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இவரா?"

"இவர்தான் சார்" என்றாள் தங்கை. "இனிமே யாரு எடுக்கலன்னாலும் இவரு எடுப்பாரு."